வரைவுத் தரநிலையை எங்கிருந்து படிப்பது?

இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் வரைவுகளுக்குக் கருத்துச் சொல்லக் கட்டணமும் இல்லை, பதவியும் தேவையில்லை. கடலூரில் ஒரு கல்லூரியின் நெட்வொர்க்கைக் கவனிப்பவரும் சொல்லலாம். ஆனால் முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படித்தால் எழுத்துப் பிழைகள்தான் கண்ணில் படும்.

பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் டிராஃபிக்கைக் கொட்டி ஒரு சேவையை முடக்குவதுதான் டிடாஸ் தாக்குதல். அதைத் தணிக்கும் வரைவு என்றால், "தாக்குதல் உச்சத்தில் இருக்கும்போது இது வேலை செய்யுமா?" என்ற கேள்வியோடு நுழையுங்கள். கடலூர் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் போல, உதவி கேட்கும் சமிக்ஞை அந்த அமளியிலும் போய்ச் சேர வேண்டும். டிடாஸ் தாக்குதலின்போது தணிப்பு உதவி கேட்பதற்காக ஐஇடிஎஃப் 2021இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 9132 என்ற தரநிலை இதற்கு நல்ல அளவுகோல். உள்வரும் இணைப்பு நிரம்பி வழியும்போது பதில் வராமல் போகலாம் என்பதை அது முன்கூட்டியே எண்ணிப் பார்க்கிறது. இணைப்பு அறுந்தால் மட்டும் தணிப்பைத் தொடங்கு என்று அமைதிக் காலத்திலேயே கேட்டு வைக்க வழி தருகிறது. தணிப்புக் கோரிக்கைக்கு ஆயுள் உண்டு. பரிந்துரைக்கப்பட்ட இயல்பளவு 3600 வினாடி. உங்கள் கையிலுள்ள வரைவு இவற்றுக்கு என்ன சொல்கிறது? பிறருடைய ஐபி முகவரிக்கு ஒருவர் தணிப்புக் கேட்டால், கோரிக்கையைப் பெறும் சர்வர் எப்படி மறுக்கும்? பெரும்பாலும் சுவையான ஓட்டைகள் இங்கேதான் இருக்கும்.

அடுத்து, பெரிய எழுத்தில் வரும் 'ஷுட்' (SHOULD) எல்லாவற்றையும் தேடுங்கள். தக்க காரணம் இருந்தால் ஒழிய இதைச் செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். எந்தச் சூழலில் அதை மீறலாம் என்று வரைவு விளக்காவிட்டால் அதுவே உங்கள் கருத்து.

"தெளிவாக இல்லை" என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. பிரிவு எண்ணைக் குறித்து, மாற்று வாக்கியத்தையும் எழுதி அனுப்புங்கள். புதுப்பிக்கப்படாத வரைவு ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும், தள்ளிப் போடாதீர்கள்.