சுண்ணாம்பு முதலில், எரு பிறகு: தோட்டப்புற வீட்டுக் கொல்லையில் காய்கறி வளர்க்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டின் பின்புறத்தில் 20 அடிக்கு 20 அடி நிலம் இருக்கிறது. முன்பு பால்மரம் (ரப்பர்) நின்ற மண் அது. அதில் நான் நட்ட மிளகாய்க் கன்றுகள் இரண்டு முறையும் ஒரு சாண் உயரத்தோடு நின்றுபோய், இலை மஞ்சளித்து, பூக்காமலே பட்டுப்போயின. மூன்றாம் முறை காய்த்தது. குறை மண்ணின் புளிப்பிலும், நான் வேலைகளைச் செய்த வரிசையிலும் இருந்ததென்று அப்போதுதான் விளங்கியது. நம் ஊர்ப்பக்கம் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு இதே இழப்பு நேரக்கூடாது என்பதற்காக, நான் செய்ததை வரிசைப்படி எழுதுகிறேன். விதை ஊன்றுவதையும் நாற்று விடுவதையும் இங்கே விளக்கவில்லை; அவற்றை வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

முதல் வேலை: மண்ணைச் சோதித்தல்

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நாடு இது. அந்த மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் காலங்காலமாகக் கரைத்துக் கீழே இறக்கிவிடுகிறது. போதாக்குறைக்குத் தோட்டங்களில் பல ஆண்டுகள் போட்ட அம்மோனியம் சல்பேட் உரமும் புளிப்பை ஏற்றியிருக்கும். புளிப்பைக் காட்டும் எண்ணே பிஎச்; அது குறையக் குறையப் புளிப்பு கூடும். மண்ணின் பிஎச் அளவு 5க்குக் கீழே இறங்கினால், மண்ணிலேயே இருக்கும் அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைக் கருக்குகிறது. நாம் போடும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மண்ணோடு பிணைந்து, செடிக்குக் கிடைக்காமல் போகிறது. என் கன்றுகளைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் குட்டையாகவும் தடித்தும், பக்கவேர் இல்லாமலும் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

நான்கைந்து இடங்களில் ஒரு சாண் ஆழத்திலிருந்து மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, கட்டி உடைத்துக் கலந்துகொள்ளுங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் ஊற்றி, நன்றாகக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரில் பிஎச் தாளை நனையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். கார் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை வாங்கிக்கொள்ளுங்கள். மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவான முள் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் ஒரே பாத்தியில் காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றுமாகக் காட்டி அது என் முதல் பருவத்தையே திசைதிருப்பிவிட்டது. என் மண் தாளில் 4.5 காட்டியது. மிளகாய்க்கும் கத்தரிக்கும் 6 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது.

இரண்டாம் வேலை: சுண்ணாம்பு

இந்த இடத்தில்தான் நான் தவறினேன். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

புளிப்பைக் குறைக்க வாங்க வேண்டியது டோலமைட் தூள். விவசாயக் கடையில் 'கப்பூர்' என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். மக்னீசியம் கலந்த சுண்ணாம்புதானா என்பதை மட்டும் மூட்டையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். புளிப்பு மிகுந்த மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவு போதும். ஒரு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீளமும் கொண்ட பாத்திக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். மாவு போல நைசாக இருக்கும் தூளையே தேர்ந்தெடுங்கள், குருணையாக இருந்தால் கரைவதற்கு மாதங்கள் ஆகும். மேலே தூவி அப்படியே விட்டுவிட்டால் பயனில்லை. மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டிக் கலக்க வேண்டும். இந்த வேலைக்கு நீளக் காம்பு போட்ட கனமான மண்வெட்டியே ஏற்றது. பூந்தொட்டிக்காக விற்கும் சிறு கரண்டிகள் நம் களிமண்ணில் வளைந்துவிடும்.

இரண்டாம் முறை நட்டபோது சுண்ணாம்பு வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் ஒரு சனிக்கிழமைக்குள் எல்லா வேலையையும் முடித்துவிட வேண்டுமென்று, காலையில் சுண்ணாம்பைக் கொத்திவிட்டு, மதியமே ஈரமான கோழி எருவை அதன்மேல் கொட்டிக் கலந்தேன். கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்து, கண்ணில் நீர் வந்தது. எரு நல்ல வீரியமாக இருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டேன். உண்மையில், எருவிலிருந்த தழைச்சத்து (நைட்ரஜன்) சுண்ணாம்பு பட்டவுடன் அம்மோனியா வாயுவாக மாறி, என் கண்ணெதிரே காற்றில் போய்க்கொண்டிருந்தது. மிஞ்சிய எருவின் சூடு கன்றுகளின் வேரைக் கருக்கியது. யூரியாவைச் சுண்ணாம்போடு சேர்த்துப் போட்டாலும் இதே இழப்புதான்.

ஆகவே வரிசை இதுதான்: சுண்ணாம்பைக் கொத்திக் கலந்து, மழை இல்லாத நாட்களில் தண்ணீர் தெளித்து, குறைந்தது இரண்டு வாரம் காத்திருங்கள். அதன் பிறகு மக்கிய எருவைச் சேருங்கள். கோழி எருவாக இருந்தால், குவித்து மூடி வைத்து, சூடும் நெடியும் அடங்கி மண்வாசனை வந்த பிறகே பாத்திக்குக் கொண்டுபோங்கள். எரு சேர்த்து ஒரு வாரம் கழித்து நடலாம். மூன்று வாரம் வெறும் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பது கடினம்தான் என்றாலும், அந்த மூன்று வாரம்தான் என் மூன்றாம் முறைக் கன்றுகளைக் காப்பாற்றியது.

பாத்தி, மூடாக்கு, கூரை

பாத்தியை 30 சென்டிமீட்டர் உயர்த்தி, நான்கு பக்கமும் நீர் ஓடும் வாய்க்கால் வெட்டுங்கள். மாலை இடிமழை அரை மணி நேரம் கொட்டினாலும் வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. மழைத்துளி மண்ணை இலையின் அடியில் தெறித்து நோயைப் பரப்பும் என்பதால், மண்ணின்மேல் பரப்பும் மூடாக்கு கட்டாயம் வேண்டும். விதை பிடிக்குமுன் அறுத்துக் காயவைத்த லாலாங் புல்லே போதுமானது. செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையிலிருந்து, பழம் உதிர்த்த வெற்றுக்குலை கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) நிறைய இருக்கிறது.

மிளகாய்க்கு மட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை போட்டிருக்கிறேன். ஆளுயரத்துக்கு மேலே இருக்க வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் உள்ளே வெப்பம் தேங்கிப் பூ உதிரும்.

எதை வளர்ப்பது, எதை வாங்குவது

முளைக்கீரையும் கங்கோங் கீரையும் ஒரு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும். புதியவர்கள் அவற்றில் தொடங்கி, வெண்டை, நீளப்பயறு, கத்தரி, மிளகாய் என்று போகலாம். தக்காளியை நம் சமவெளியில் முயல்வதற்கு முன் யோசியுங்கள். மண்ணிலிருக்கும் வாடல் நோய்க் கிருமி வெப்பத்தில் வேகமாகப் பெருகும். காலையில் பச்சையாக நின்ற செடி மதியத்தில் துவண்டு, சில நாட்களில் அப்படியே சாய்ந்துவிடும். சந்தேகம் வந்தால், அடித்தண்டை வெட்டிக் கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். வெட்டிய முனையிலிருந்து பால் போல ஓர் இழை இறங்கினால் அந்த நோய்தான். அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் நீண்ட காலத்துக்கு வைக்காதீர்கள்.

முட்டைக்கோஸும் கேரட்டும் குளிரான கேமரன் மலையிலிருந்து வரட்டும். ஆனால் கீரை, பயறு, வெள்ளரி, பீர்க்கங்காய் ஆகியவற்றை ஊரைச் சுற்றியிருக்கும் சிறு விவசாயிகளிடமே வாங்குங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். ஊர் எல்லையில் கீரைத்தோட்டம் வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் வாரம் இரண்டு முறை வாங்குகிறேன். பணத்தை மாதத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவதால், விதையும் எருவும் கடனுக்கு வாங்கும் நிலை அவருக்குக் குறைகிறது. அக்டோபர், நவம்பர் மழையில் ஓட்டை விழுந்த கீரையைப் பெரும்பாலோர் ஒதுக்கிவிடுவார்கள். விவசாயிக்கு நம் ஆதரவு வேண்டிய மாதங்கள் அவைதான்; ஓட்டை விழுந்த இலையும் சட்டியில் அதே கீரைதான். "தம்பி, நாளைக்கு மழை புடிச்சிக்கும், இன்னிக்கே அறுத்துடறேன், வந்து எடுத்துக்கப்பா" என்று அவர் கூப்பிட்டால் வேலை முடிந்ததும் நேரே அங்கேதான் போவேன். எரு மக்கிவிட்டதா என்பதைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துச் சொல்லக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த ஒருவர் வெற்றிலைச் சுண்ணாம்பையும், சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பையும் போட்டு நாற்றுகள் கருகிவிட்டதாக எழுதியிருந்தார். அவை நீற்றிய சுண்ணாம்பு. டோலமைட்டைவிடக் காரம் மிகுந்தவை, வேகமாக வேலை செய்பவை. வீட்டில் அதுதான் இருக்கிறது என்றால் நான் சொன்ன அளவில் பாதிக்கும் குறைவாகப் போட்டு, கையுறை அணிந்து கலந்து, பிஎச் தாளில் மறுபடி சோதித்த பிறகே நடுங்கள்.

பின்சேர்க்கை 2: தெலுக் இந்தான் பக்கத்திலிருந்து ஒருவர், தம் நிலம் கரி போலக் கறுத்த மண் என்றும் 300 கிராம் போட்டும் பிஎச் அசையவில்லை என்றும் கேட்டிருந்தார். அது மட்கிய தாவரங்களால் ஆன சதுப்பு மண்ணாக இருக்க வேண்டும். அதன் புளிப்பை மாற்ற இதைப் போலப் பல மடங்கு சுண்ணாம்பு தேவைப்படும். ஒரேயடியாகக் கொட்டாமல், பருவத்துக்கு ஒரு முறை சோதித்துச் சோதித்துச் சேருங்கள். வடிகாலையும் அளவோடு வெட்டுங்கள், அந்த மண் முழுதும் காய்ந்துவிட்டால் மீண்டும் எளிதில் நீரை உறிஞ்சாது.

பின்சேர்க்கை 3: வெற்றுக்குலையை ஓர் மூலையில் குவித்து வைத்தவர் வீட்டில் காண்டாமிருக வண்டின் புழுக்கள் கட்டைவிரல் பருமனில் கிடைத்தனவாம். அழுகும் செம்பனைக் கழிவுதான் அந்த வண்டு முட்டையிடும் இடம். பிறகு அது பக்கத்துத் தென்னைகளின் குருத்தைத் துளைக்கும். ஆகவே குவிக்காமல், பாத்தியின்மேல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஏற்கெனவே குவித்திருந்தால் கிளறிப் பார்த்து, புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள்.