குளுக்கோஸ் கூடியது, சரி, அதனால்?

நரம்புக் கடத்தி (நரம்பணுக்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்) சுரந்தது, அங்கே குளுக்கோஸ் செலவு ஏறியது, ஆகவே அங்குள்ள நரம்பணுக்கள் தூண்டப்பட்டிருக்கின்றன என்று முடிவு கட்டிவிடுகிறோம். மூளை வளர்சிதை மாற்றம் பற்றிய பல தவறுகள் இந்த நேர்கோட்டுக் கணக்கில்தான் தொடங்குகின்றன.

முதலில், மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியை ஒரே திசுவாக எண்ணாதீர்கள். முன்மடல் சுரப்பித் திசு. அதற்கு மேலே உள்ள மூளைப் பகுதியான ஹைபோதலாமஸிலிருந்து வரும் டோபமின் என்ற கடத்தி, அங்கே பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனின் சுரப்பை அடக்குகிறது. பின்மடலோ பெரும்பாலும் ஹைபோதலாமஸ் நரம்பணுக்களின் இழை நுனிகள். இரண்டையும் சேர்த்து அரைத்து ஒரே எண்ணைச் சொன்னால், அந்த எண் எந்த மடலுடையது?

செலவு நடக்கும் இடத்தையும் மாற்றிப் புரிந்துகொள்கிறோம். 1979இல் மூளையின் குளுக்கோஸ் பயன்பாட்டை அளந்த ஆய்வாளர் சோகோலாஃபின் குழுவினர் எலிகளுக்கு உப்புநீர் மட்டும் குடிக்கக் கொடுத்தார்கள். உடலில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனான வாசோபிரசின், பின்மடல் நுனிகளிலிருந்து கூடுதலாகச் சுரந்தது. பின்மடலில் குளுக்கோஸ் பயன்பாடும் ஏறியது. ஆனால் அதே நரம்பணுக்களின் உடல்கள் இருக்கும் ஹைபோதலாமஸ் பகுதிகளில் மாற்றம் தெரியவில்லை! நுனிகளில் உள்ளே புகும் சோடியத்தை வெளியேற்றும் பம்புக்கே ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் நாணயம்) அதிகம் போகிறது. பம்பை முடக்கும் வபைன் என்ற மருந்தைக் கொடுத்தால் அந்த ஏற்றம் மறைந்துவிடும். எனவே ஒரு பகுதியின் குளுக்கோஸ் ஏறினால், அங்கே வந்து முடியும் நுனிகள் எங்கிருந்து வருகின்றன என்றும் பாருங்கள். காபா போன்ற தடுக்கும் கடத்தியை வெளியிடும் நுனிக்கும் ஆற்றல் வேண்டும். குளுக்கோஸ் செலவைக் காட்டும் மூளைப் படத்தில் அப்பகுதி பளிச்சென்று தெரிந்தாலே தூண்டல் என்று எழுதிவிட முடியாது.

செலவழிப்பவை நரம்பணுக்கள் மட்டும் என்பதும் சரியல்ல. தூண்டும் கடத்தியான குளூட்டமேட்டை உள்வாங்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளில் (நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் செல்கள்) குளுக்கோஸ் சிதைவு கூடி, அதன் விளைபொருளான லாக்டேட் வெளியேறுகிறது என்று 1994இல் ஆய்வாளர்கள் பெல்லரினும் மஜிஸ்ட்ரெட்டியும் காட்டினார்கள். அந்த லாக்டேட்டை நரம்பணுக்கள் எவ்வளவு நம்பியிருக்கின்றன என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நோரட்ரினலின் என்ற கடத்தி, ஆஸ்ட்ரோசைட்டில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரையான கிளைகோஜனைக் கரைக்கும். அந்தச் செலவு குளுக்கோஸ் உறிஞ்சுதலை மட்டும் அளக்கும் கருவிக்குத் தெரியாது. குளுக்கோஸைப் போன்ற டிஆக்ஸிகுளுக்கோஸைச் செலுத்தி அளக்கும் முறைகள், சிதைவின் முதல் படியான பாஸ்பேட் ஏறுவதோடு நிற்பவை. அதற்கப்புறம் லாக்டேட்டா, முழு எரிப்பா என்று அவை சொல்வதில்லை.

அப்புறம், ஆய்வகத் தட்டு. மூளைத் திசுத் திரவத்தில் குளுக்கோஸ் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமோலார்தான். செல்களை வளர்க்கும் ஊடகங்கள் பலவற்றில் அது 25. இவ்வளவு சர்க்கரையில் மூழ்கிய செல் டோபமினுக்குக் காட்டும் பதிலை அப்படியே தலைக்குள் பொருத்தாதீர்கள். ரத்தத்தில் டோபமினைச் செலுத்திவிட்டு மூளையில் விளைவைத் தேடுவதும் இதே ரகம். ரத்தத்திலிருந்து மூளைக்குள் பொருள்கள் புகுவதைக் கட்டுப்படுத்தும் ரத்த-மூளைத் தடுப்பை டோபமின் கடப்பதில்லை, டோபமினாக மாறக்கூடிய லெவோடோபா கடக்கும். பிட்யூட்டரியின் பின்மடலுக்கோ அந்தத் தடுப்பே கிடையாது.