பஸ்ஸில் ஏற்காடு போய் நடந்து வருவது எப்படி? முதல் தடவை போகிறவர்களுக்கு

மலையில் நடக்கக் கிளம்புகிறவர்கள் "எங்கே போகலாம்" என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். சொந்த வண்டி இல்லாமல் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது திரும்பி வரும் பஸ்ஸை. அது எத்தனை மணிக்கு என்று தெரிந்துவிட்டால், எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பது தானாகவே முடிவாகிவிடும்.

1. திரும்பும் வண்டியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு வண்டி நிற்கும். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போகும். தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான் என்றாலும் மலைப்பாதை என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். விடுமுறை நாள் என்றால் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் வாங்கும்போதே கண்டக்டரிடம் கேளுங்கள்: "அண்ணே, சாயங்காலம் கீழ எறங்க கடைசி வண்டி எத்தன மணிக்குங்க? அதுக்கு முந்துன வண்டி?" இரண்டாவது கேள்விதான் முக்கியம். முந்தின வண்டிக்கே திட்டமிடுங்கள், கடைசி வண்டி அவசரத்துக்கு இருக்கட்டும். ஏற்காட்டில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பரிடம் இன்னொரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். மழை பெய்து பாதையில் மண் சரிந்தால் வண்டி குப்பனூர் வழியாகச் சுற்றி வரும், அல்லது நின்றே போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அப்படித்தான் ஆனது. கனமழை எச்சரிக்கை இருக்கிற நாளில் போகவே வேண்டாம்.

நடக்கும் நேரத்துக்கு ஒரு பழைய விதி இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்னது: மணிக்கு 3 மைல், ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அது பழகிய கால்களுக்கு. புதியவர்கள் மணிக்கு 4 கிலோமீட்டர், 100 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டு, வரும் விடையில் கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். டீக்கடை, போட்டோ, மூச்சு வாங்குவது எல்லாம் அந்தக் கால் பங்கில்தான் அடங்க வேண்டும்.

2. பஸ்ஸில் எங்கே உட்காருவது

வளைவுகளில் குமட்டுகிறவர்கள் கடைசி சீட்டைத் தவிருங்கள். அது பின் சக்கரத்தையும் தாண்டி வெளியே நீண்டிருக்கும் பகுதி. வண்டி திரும்பும்போது அங்கேதான் அதிகம் வீசும், அதிகம் தூக்கிப் போடும். முன் பக்கம், இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகத் தூரத்துச் சாலையைப் பாருங்கள். போனைப் பார்த்தால் மூன்றாவது வளைவிலேயே தலை சுற்றும். அசைவில்லை என்று கண்ணும், அசைவு உண்டு என்று காதும் மூளைக்கு மாற்றி மாற்றிச் சொல்வதால் வருகிற குழப்பம் அது. இரண்டு இட்லி போதும், புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். வெறும் வயிறும் உதவாது.

3. முதல் நடைக்குச் சேர்வராயன் கோயில்

முதல் தடவைக்கு இதைவிடப் பொருத்தமான பாதை ஏற்காட்டில் இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் 6, 7 கிலோமீட்டர். முழுக்கத் தார் ரோடு, வழி தவறாது, நடுவில் முடியவில்லை என்றால் வந்த வழியே திரும்பலாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டர் அளவில். பெரிய ஏற்றம் முழுவதையும் பஸ்ஸே ஏறிக் கொடுத்துவிடுகிறது. கோயில் உச்சி 5326 அடி, அதாவது சுமார் 1620 மீட்டர், கால்களுக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

காலை எட்டரைக்கு நடக்கத் தொடங்கினால் 11 மணிக்குள் மேலே இருக்கலாம். வழியில் தாவரவியல் தோட்டம் வரும், அதைத் திரும்பும்போது பாருங்கள். இருபுறமும் காபித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக், மரங்களில் மிளகுக் கொடி. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்து எட்டு, பத்து நாள் கழித்துப் போனால் காபிச் செடி கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும், மல்லிகை வாசம் ரோடு வரை வரும். இரண்டு மூன்று நாளில் பூ பழுப்பாகிவிடும். மழை தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு போவது வீண் போகாது.

தோட்டங்கள் தனியார் நிலம். கேட் திறந்திருந்தாலும் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். இலைகளில் நீலமாகத் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தால் அது போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளித்தது. தொட்ட கையோடு சாப்பிடக் கூடாது.

உச்சியில் குகைக்குள் கோயில், சேர்வராயனும் காவேரி அம்மனும். வெளியே பரந்த மொட்டை வெளி. அடியில் பாக்சைட் மண், மேலே புல், ஒதுங்க மரமே கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடி மின்னல் வருவது வழக்கம். அந்த வெளியில் உயரமான பொருள் என்றால் நீங்கள்தான். அதனால் கோடையில் 12 மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே இறங்குங்கள், மழைத்துளிக்காகக் காத்திருக்காதீர்கள்.

4. கிளியூர் அருவி: ஏரியைப் பார்த்து முடிவெடுங்கள்

ஏரியிலிருந்து 3 கிலோமீட்டர் அளவு. ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் பெரும்பாலும் கிளியூரில் விழுகிறது. ஏரி வழிகிறதா என்று ஊருக்குள்ளேயே எட்டிப் பார்த்துவிட்டால் அருவியில் தண்ணீர் இருக்குமா என்று தெரிந்துவிடும். கோடையில் வெறும் பாறையைப் பார்க்கப் படி இறங்கி ஏறுகிறவர்கள் நிறையப் பேர். இங்கே இறக்கம் முதலில், ஏற்றம் பிறகு. களைத்த காலோடு ஏற வேண்டியிருக்கும் என்பதால் இறங்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்குங்கள். பாசி படிந்த பாறை ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும். ரப்பர் செருப்போடு இறங்கவே கூடாது.

சேர்வராயன், கிளியூர் இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

5. காலும் பையும்

புது ஷூ வாங்கி அன்றைக்கே போட்டுக்கொண்டு வருவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பழகிய ஷூ, கொஞ்சம் தடித்த சாக்ஸ், வெட்டிய கால் நகம். இறக்கத்தில் பாதம் முன்னால் சரிந்து விரல் இடிக்கும், அதனால் இறங்கும் முன் லேஸை அவிழ்த்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். விரல் பக்கம் தளர்வாக இருக்கட்டும்.

குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். சாக்ஸைக் கழற்றி, துடைத்து, சுருக்கமில்லாமல் பிளாஸ்திரியை ஒட்டி, ஓரங்களை விரலால் தேய்த்துவிட்டு நடங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று விட்டால் அரை மணியில் கொப்புளம்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், கோடையில் இரண்டு. சேலத்தை விட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சியாக இருப்பதால் தாகம் தெரியாது, அரை மணிக்கு ஒரு தடவை நாலு வாய் குடியுங்கள். சாப்பாட்டுக்குப் புளிச்சோறு. தட்டுவடை எடுத்துப் போகலாம், ஆனால் சட்னி தடவிய செட்டாக வேண்டாம், ஊறிப்போகும். எல்லாம் ஜிப் போட்ட முதுகுப் பைக்குள் இருக்கட்டும். கையில் கேரி பேக் தொங்கினால் அந்தச் சரசரப்புக்கே குரங்கு வந்து பிடுங்கும்.

6. காட்டுமாடு எதிரே வந்தால்

அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் தோட்டத்து ஓரம் மேயும். ஆள் உயரம் இருக்கும், அசையாமல் நின்றால் கரும்பாறை என்றே தோன்றும். பார்த்த இடத்திலேயே நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். கத்துவது, கல் எறிவது, செல்ஃபி எதுவும் வேண்டாம். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போய்விடாதீர்கள். அது நகர்ந்து போகும் வரை காத்திருப்பதற்கும்தான் நடை நேரத்தில் சேர்த்த அந்தக் கால் பங்கு.

7. திரும்புதல்

டிசம்பரில் 6 மணி வாக்கிலேயே சூரியன் மறையும், ஜூனில் 6.40 வரை வெளிச்சம் இருக்கும். பனிமூட்டம் இறங்கினால் அதற்கும் முன்பே இருட்டு. அதனால் 4 மணிக்குள் ஊருக்குள் வந்துவிடுங்கள். ஞாயிறு மாலை கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு வரும், உட்கார இடம் வேண்டுமானால் வண்டிக்கு அரை மணி முன்பே நிற்க வேண்டும். மிளகாய் பஜ்ஜி கண்ணில் படும். இறங்குவதற்கும் அதே 20 வளைவுகள்தான், அதனால் பஜ்ஜியைப் பொட்டலமாகக் கட்டி வாங்கி அஸ்தம்பட்டி தாண்டியதும் சாப்பிடுங்கள். இறக்கத்தில் காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள், குழந்தைகளுக்கு வாயில் ஒரு மிட்டாய் கொடுத்தால் சரியாகிவிடும்.