குடும்ப குரூப்பில் வரும் தடுப்பூசி வதந்தி: சரிபார்ப்பதும் பதில் சொல்வதும்

கொளத்தூரில் இருக்கும் என் அண்ணி, பாப்பாவுக்கு ஒன்பதாம் மாத ஊசி (தட்டம்மைக்கும், ருபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மைக்கும் ஒரே ஊசி) போடவேண்டிய புதன்கிழமை போகாமல் இருந்துவிட்டார். அன்று காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்த செய்தி இது:

"அவசரம்!! அடுத்த வாரம் எல்லா ஸ்கூல்லயும் அம்மை ஊசி போடப் போறாங்க. கையெழுத்து போட்டுடாதீங்க. இதைப் போட்ட பொண்ணுங்களுக்குப் பின்னாடி குழந்தையே பிறக்காது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது. நியூஸ்ல வராது. தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அனுப்புங்க."

இதையே உதாரணமாக வைத்து, ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

படித்ததும் வயிற்றைப் பிசைகிறதா? அப்போது ஃபார்வர்டும் வேண்டாம், கோபமான பதிலும் வேண்டாம். செய்தியின் மேலே ரெட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பல கை மாறி வந்தது. அனுப்பியவர் எழுதியதில்லை. எங்கள் குரூப்பில் போட்டது பெரியம்மா, பேரப்பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். அவருக்கும் யாரோ அனுப்பியதுதான்.

படி 2: யார், எங்கே, எப்போது?

பேனா எடுத்து எழுதியே பாருங்கள். டாக்டர் யார்? பெயரில்லை. எந்த ஆஸ்பத்திரி? இல்லை. "அடுத்த வாரம்" என்றால் எந்த வாரம்? தேதியே இல்லாததால் எந்த வருஷம் அனுப்பினாலும் புதுசு போலவே இருக்கும்.

அண்ணி வீட்டில் இருப்பது ஒன்பது மாதக் குழந்தை. செய்தி பேசுவதோ பள்ளிக்கூடத்தைப் பற்றி. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, பள்ளிகளிலும் போட்டார்கள். அப்போது இதே மாதிரி வாட்ஸ்அப் வதந்திகள் சென்னை முழுக்கப் பரவி, பல பெற்றோர் மறுத்தார்கள். முகாமின் நாட்களையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. எங்கள் குரூப்புக்கு வந்தது அந்தப் பழைய பயத்தின் மிச்சம்.

படி 3: சொன்னவரை விட்டு, சொன்ன விஷயத்தைத் தேடுங்கள்

தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்தால் மருத்துவ ஆலோசனை இலவசம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் நேரிலேயே கேட்கலாம். வதந்தியின் முக்கியமான வார்த்தைகளோடு "உண்மையா" என்று சேர்த்துத் தேடினால் யூடர்ன், மத்திய அரசின் பிஐபி ஃபேக்ட் செக் போன்ற உண்மை சரிபார்க்கும் தளங்கள் ஏற்கெனவே அலசியிருப்பது அநேகமாகக் கிடைத்துவிடும். படம் என்றால் கூகுள் லென்ஸில் போடுங்கள். பல வருஷப் பழைய படம், வேறு ஊர்ப் படம் என்று தெரிந்துவிடும். லோகோவைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். 2020-ல் "வெந்நீர் குடித்தால் கொரோனா போய்விடும்" என்று யுனிசெஃப் பெயரிலேயே செய்தி சுற்றியது. யுனிசெஃப் அதை மறுத்தது.

எங்களுக்கு வந்த செய்தியைப் பற்றித் தேடியபோது கிடைத்ததை நிதானமாகப் படியுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு ருபெல்லா வந்தால் கரு கலையலாம். குழந்தை கண்புரையோடு, காது கேளாமல், இதயக் கோளாறோடு பிறக்கலாம். ஒரு பெண் குழந்தை வளர்ந்து தாயாகும்போது அவள் வயிற்றுப் பிள்ளையைக் காக்கத்தான் இந்த ஊசியில் ருபெல்லாவுக்கான தடுப்பையும் சேர்த்திருக்கிறார்கள். வதந்தி அதை நேர் தலைகீழாக்கிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது.

படி 4: காக்காய் உட்கார்ந்ததும் பனம்பழமும்

"ஊசி போட்டாங்க, அப்புறம் இப்படி ஆச்சு" என்ற பேச்சுதான் சமாளிக்கக் கடினமானது, ஏனென்றால் இரண்டும் நடந்தது உண்மையாகவே இருக்கும். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ல் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். ஊரே கலங்கிப்போனது, தடுப்பூசி மேல் பயமும் வந்தது. அவருடைய இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். மத்திய அரசின் நிபுணர் குழுவும் ஆராய்ந்து, தடுப்பூசி காரணமில்லை என்று முடிவு சொன்னது.

இந்த இடத்தில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஊசி போடாதவர்களுக்கும் இதே அளவில் இது வருகிறதா? ஆட்டிசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படும் வயதும், இரண்டாவது தட்டம்மை ஊசி போடும் 16–24 மாதமும் ஒட்டியே வருகின்றன. ஊசியால் ஆட்டிசம் வருகிறதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பிய, லான்செட் மருத்துவ இதழில் வந்த 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்டது. 2010-ல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,50,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து 2019-ல் வெளியான ஆய்வில், எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான) ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை.

படி 5: போன் போடுங்கள், முதலில் கேளுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். ஆதாரங்களை அடுக்கி நாலு பேர் முன்னால் பேசினால் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார், மனசு மாறாது. நான் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, "எது அண்ணி பயமா இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"குழந்தை பிறக்காதுன்னு சொன்னதை நான் நம்பல தம்பி. மூணரை மாசத்துல பெண்டா ஊசி போட்டப்போ ராத்திரி முழுக்க ஜுரம். தொடை கல்லு மாதிரி ஆயிடுச்சு. உங்க அண்ணன் நைட் ஷிஃப்ட். நான் ஒருத்தியே தோள்ல போட்டுக்கிட்டு விடியுற வரைக்கும் நடந்தேன். அந்த மெசேஜ் வந்ததும், சரி, வேண்டாம்னு விட்டுட்டேன்."

நான் தேடி வைத்திருந்த எதுவும் இதற்குப் பதிலாகாது. அந்த ராத்திரி கஷ்டமானதுதான் என்று ஒப்புக்கொண்டேன். ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பெண்டாவில் ஜுரம் வருவது சகஜம், இது வேறு ஊசி, ஒரு வாரம் பத்து நாள் கழித்துச் சில குழந்தைகளுக்கு லேசான ஜுரமோ தடிப்போ வரலாம் என்று சொன்னேன். "ஒண்ணுமே ஆகாது" என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஜுரம் வந்தால் நீங்கள் பொய்யராவீர்கள், அடுத்த ஊசியும் போகும். கடுமையான ஒவ்வாமை மிக அரிது, பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில். அதற்காகத்தான் போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள்.

அடுத்த புதன்கிழமை கூடவே போனேன். ஜுரம் வந்தால் எடைக்கு எவ்வளவு மருந்து என்று நர்ஸம்மா தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். அண்ணனும் அந்த வாரம் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டார்.

படி 6: பிறகு குரூப்பில்

வதந்தியைத் திரும்பப் போட்டு அதன்மேல் "பொய்" என்று எழுதாதீர்கள். பார்ப்பவருக்கு வதந்திதான் ஞாபகம் நிற்கும். பெயர் சொல்லி யாரையும் திருத்தவும் வேண்டாம். பெரியம்மாவிடம் தனியாகப் பேசிவிட்டு நான் போட்டது இவ்வளவுதான், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"பாப்பாவுக்கு இன்னிக்கு ஒன்பதாம் மாத ஊசி போட்டாச்சு. தட்டம்மை, ருபெல்லா ரெண்டுக்கும் ஒரே ஊசி. நல்லா தூங்குறா. யாருக்காவது சந்தேகம் இருந்தா எனக்கு போன் பண்ணுங்க, இல்லன்னா 104-க்கு."