டியூபா மவுத்பீஸ் ஆடினால் சுரம் நிற்காது: என் அனுபவம்

பாளையங்கோட்டையில் எங்கள் சர்ச் பேண்டுக்குப் பழைய டியூபா (கீழ்ச் சுரங்களை ஊதும் பெரிய பித்தளைக் குழல்) ஒன்று வந்தது. கீழ்ச் சுரங்கள் நிற்கவே இல்லை. இரண்டு மாதம் என் உதட்டைத்தான் குறை சொன்னேன். அப்புறம் உதட்டை வைத்து ஊதும் மவுத்பீஸைச் செருகி மெல்ல அசைத்துப் பார்த்தால், ஆடுகிறது! குழலுக்குள் செருகும் அதன் தண்டு அமெரிக்க அளவு. தண்டு நுழையும் குழலின் துளை அதைவிடப் பெரிய ஐரோப்பிய அளவு.

நாசரேத்து அண்ணாச்சி ஒருவர் பொருத்தமான தண்டுள்ள இரண்டு மவுத்பீஸ்களை இரவல் தந்தார். "தம்பி, மவுத்பீஸோட கிண்ணம், அதான் கப்பு, ஆழமா இருந்தா நாதம் கனமா வரும், ஆனா மூச்சு நிறைய கேக்கும்" என்றார். மவுத்பீஸ் செய்யும் பாக் கம்பெனியில் மாடல் எண் குறைந்தால் கப்பின் விட்டம் கூடும்: 24ஏடபிள்யூ 31.25 மி.மீ., 18 சுமார் 32.6. என் தடித்த உதட்டுக்கு 18 தான் இதமாக இருந்தது. ஒரு வாரம் நீண்ட சுரங்கள் மட்டும் ஊதினேன். ஞாயிறு ஆராதனையில் கீழ் பி-பிளாட் அசையாமல் நின்றது.