மாடியில நெட் நத்தை மாதிரி ஊருதா? சுவத்துக்குள்ள கெடக்குற டிவி கேபிளைப் பாருங்க

வில்லாபுரத்துல எங்க வீடு. கீழ 300 எம்பிபிஎஸ் ஃபைபர், மாடி ரூம்ல வைஃபை 12ஐ தாண்டாது. லேன் ஒயர் இழுக்கலாம்னா பைப்புக்குள்ள சிமெண்ட் அடைச்சுக் கெடக்கு. அப்பா வீடு கட்டும்போது போட்ட டிவி கேபிள் மட்டும் ரூமுக்கு ரூம் சும்மா தொங்குது, சரி அதுலயே நெட்டை அனுப்புவோம்னு மோக்கா (MoCA) 2.5னு, டிவி கேபிள் வழியா நெட்டை அனுப்புற அடாப்டர் ரெண்டு வாங்கி கீழ ரவுட்டர்கிட்ட ஒண்ணு, மாடியில ஒண்ணுனு மாட்டுனேன். வந்தது 40. கடுப்பாயிருச்சு.

மொத வேலை, வைஃபைய மறந்துட்டு லேப்டாப்ப மாடி அடாப்டர்ல நேரா லேன் ஒயர்ல சொருகுங்க. 94, 95ல நின்னு போச்சுன்னா டிவி கேபிள் மேல தப்பில்ல, லேன் ஒயரை மாத்துங்க. உள்ள இருக்குற எட்டு கம்பியில ஒண்ணு போனாலும் கிகாபிட் ஓடாது, 100க்கு எறங்கிரலாம்.

அடுத்தது ஸ்ப்ளிட்டர், ஒரு கேபிளைப் பல வழியாப் பிரிக்குற டப்பா. இங்கதான் நான் ரெண்டு நாள் மண்டைய ஒடச்சேன். மாடிப்படிக்கு அடியில ஒண்ணு இருந்துச்சு, தூசிய தொடச்சுப் பாத்தா 5-1000 மெகாஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. மோக்கா ஓடுறது 1125ல இருந்து 1675 வரைக்கும், அப்பறம் எப்புடி ஒழுங்காப் போகும்? அதைக் கழட்டி 1675 வரை போட்டது மாட்டுனேன், 40 எழுவதாச்சு, அவ்ளோதான். கேபிள் போற வழிய கையால தடவிக்கிட்டே போனா பரண்ல அம்மாவோட முறுக்கு அண்டாவுக்குப் பின்னாடி இன்னொண்ணு உக்காந்திருக்கு! நாலு வழி, ஒவ்வொரு வழியிலயும் 7 டெசிபல் போல போயிரும், மூணு வாய் தொறந்து கெடக்கு. ரெண்டு ரூமுக்கு மட்டும் நெட் போதும்னா ஸ்ப்ளிட்டரே வேணாம்ங்க, கழட்டிப் போட்டுட்டு ரெண்டு கேபிளையும் திருகுற ஜாயிண்ட்ல சேத்துருங்க. ஸ்ப்ளிட்டர் வேணும்னா, சும்மா இருக்குற வாய்ல 75 ஓம் டெர்மினேட்டர்னு ஒரு மூடி மாட்டணும்.

கடைசியா டிவி கேபிளோட முனை. மேல சுத்தியிருக்குற வலையில இருந்து முடி மாதிரி ஒரே ஒரு இழை நடுக் கம்பியத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு, அதை வெட்டி விட்டதும் 280! முனையில கையால திருகி ஏத்துற கனெக்டர் எனக்குப் புடிக்காது, நாளாக நாளாக லூசாயிரும். கனெக்டரை அழுத்திப் பொருத்துற கம்ப்ரஷன் டூல் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க. பல்லால கடிச்சு உரிக்காதீங்க.

பிற்சேர்க்கை: அவனியாபுரத்து அண்ணன் ஒருத்தர் லிங்க் லைட்டே எரியலன்னாரு. பாத்தா டிடிஹெச் டிஷ் கேபிள்லயே சொருகியிருக்காரு. அதுல 950-2150 ஓடுது, மோக்காவோட மோதும், தனி கேபிள்தான் வழி. கேபிள் டிவி ஓடுற வீடுன்னா சேந்து ஓடும், ஆனா நடுவுல சாதா ஆம்ப்ளிஃபயர் இருந்தா மோக்கா பெரும்பாலும் அங்கயே நின்னுரும். வெளிய இருந்து ஒயர் உள்ள வர்ற எடத்துல மோக்கா ஃபில்டர் ஒண்ணு போடுங்க, இல்லன்னா உங்க சிக்னல் பக்கத்து வீட்டு வரைக்கும் போகும்.

இன்னொண்ணு, கரண்ட் போனா மாடியில மட்டும் நெட் போகுதேன்னு என்னையவே கேட்டுக்கிட்டு இருந்தேன், பாத்தா மாடி அடாப்டரை சொருகுன பிளக் இன்வெர்ட்டர் லைன்ல இல்ல.