தென்னை மரத்தில் தொடங்கி காட்டு ஓடை வரை: மாஸ், லிவர்வொர்ட் பிரித்துப் பார்க்கப் பழகுவது எப்படி?

மாஸ், லிவர்வொர்ட் என்ற பூக்காத குட்டிப் பச்சைச் செடிகளைப் பார்க்கணும் என்று ஆசை வந்ததும் நேரே காளிகேசம், கோதையாறு மாதிரி மலைக்காட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அங்கே ஒரே பாறையில் பல இனங்கள் பின்னிக்கிடக்கும், பழகாத கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சைதான். நம்ம குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் வீட்டு மதிலிலேயே பாடம் தொடங்கலாம்.

தேவையானவை: 10 மடங்கு அல்லது 20 மடங்கு கைலென்ஸ், தண்ணீர் ஸ்பிரே பாட்டில், சின்ன ஸ்கேல், மொபைல். லென்ஸைச் செடிக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டுத் தூரத்திலிருந்து பார்க்கக் கூடாது. கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, செடி தெளிவாகத் தெரியும்வரை முகத்தை அதன் அருகே கொண்டுபோங்கள். மதில் பக்கம் நீங்கள் தலையைக் குனிந்து நிற்பதைப் பார்த்து நாலு பேர் விசாரிப்பார்கள், அதைத் தவிர்க்க வழியில்லை.

படி 1: நனைத்துப் பாருங்கள்

காய்ந்த மாஸை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சிமெண்டு மதில்களில் சாதாரணமாக வளரும் ஹையோஃபிலா என்ற மாஸ், வெயிலில் இலைகளை உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு கறுத்துப்போய்க் கிடக்கும். தண்ணீர் தெளித்துக் கொஞ்சம் காத்திருந்தால் இலைகள் விரிந்து பச்சையாகிவிடும். இலை, தண்டு எதுவும் இல்லாமல் வெறும் வழுக்கும் படலமாக இருந்தால் அது ஆல்கா, நமக்கு வேண்டாம். கூடவே, சுருண்டிருந்தபோதும் விரிந்த பிறகும் ஒவ்வொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நிலையும் அடையாளம் காண உதவும்.

படி 2: மூன்று கூட்டங்களில் எது?

உலகத்தில் மாஸ்கள் சுமார் 12,000 இனங்கள், லிவர்வொர்ட்டுகள் சுமார் 7,000, இவற்றோடு சேரும் மூன்றாவது கூட்டமான ஹார்ன்வொர்ட்டுகள் 200 சொச்சம். முதல் கேள்வி: தண்டு, இலை என்று இருக்கிறதா, அல்லது மண்ணோடு ஒட்டிய தட்டையான பச்சை உடலா?

தட்டை என்றால் லிவர்வொர்ட் அல்லது ஹார்ன்வொர்ட். கன்னிப்பூ அறுவடை முடிந்த ஈர வயலில் வட்டமாகக் கிளைத்துக் கிடக்கும் ரிக்சியா லிவர்வொர்ட். அதன் வித்துப்பை (விதைக்குப் பதிலாகத் தூள் போன்ற வித்துகள் உருவாகும் பை) உடலுக்குள்ளேயே புதைந்திருக்கும். அதே மாதிரி மண்ணில் பச்சைக் கொம்புகள் நிமிர்ந்து நின்று, நுனியிலிருந்து இரண்டாகப் பிளந்தால் ஹார்ன்வொர்ட், பெரும்பாலும் ஆந்தோசிராஸ் குடும்பம். பள்ளிப் புத்தகத்தில் வரும் மார்கான்ஷியா என்ற லிவர்வொர்ட்டை வயலில் தேடாதீர்கள், அதற்கு மலையின் குளிர்ச்சி வேண்டும்.

இலை இருந்தால்தான் குழப்பம் ஆரம்பிக்கும், இங்கே நிதானமாகப் பாருங்கள். மாஸில் இலைகள் பொதுவாகத் தண்டைச் சுற்றிச் சுற்றி அமைந்திருக்கும், நடுநரம்பு பல இனங்களில் உண்டு. இலையுள்ள லிவர்வொர்ட்டில் இலைகள் இரண்டு வரிசையாக இருபக்கமும் தட்டையாக இருக்கும், அடிப்பக்கம் மூன்றாவதாகச் சின்ன இலை வரிசையும் இருக்கலாம். நடுநரம்பு கிடையாது, நுனி பிளவுபட்டிருப்பதும் உண்டு. சரி, இரண்டு வரிசை என்றாலே லிவர்வொர்ட்டா? இல்லை. ஓடைக்கரை மண்ணில் குட்டிப் பெரணி போலத் தெரியும் ஃபிசிடென்ஸ் இரண்டு வரிசைதான், ஆனால் நடுநரம்பு தெளிவாக இருக்கும், அது மாஸ். இந்தச் செடியில் ஏமாறாதவர் குறைவு.

வித்துப்பை கிடைத்தால் சந்தேகமே இல்லை. மாஸில் பையைத் தாங்கும் காம்பு உறுதியானது, பல நாள் நிற்கும். பையின் மேல் மூடி இருக்கும், அது விழுந்தால் பல இனங்களில் வாயைச் சுற்றிப் பற்கள் தெரியும். லிவர்வொர்ட்டின் காம்பு கண்ணாடி மாதிரி மென்மையானது, சீக்கிரமே சாய்ந்துவிடும், பை பொதுவாக நான்கு இதழாகப் பிளக்கும்.

படி 3: மரத்துக்கு வாருங்கள்

தென்னை மரத்தில் வெளிறிய வெள்ளைப் பச்சைத் திட்டுகள் இருக்கின்றனவா? அது அனேகமாக ஆக்டோபிளெஃபாரம் என்ற மாஸ். இலைக்குள் பல அடுக்கு வெற்றுச் செல்கள் இருப்பதால்தான் அந்த வெளுப்பு. வித்துப்பை வாயில் எட்டுப் பற்கள், ஆக்டோ என்றால் எட்டு, அதுதான் பெயருக்குக் காரணம்.

பட்டையோடு ஒட்டிப் படர்ந்த செம்பழுப்பு நிறச் செடி கிடைத்தால் கவிழ்த்துப் பாருங்கள். இலையின் அடியில் தலைக்கவசம் மாதிரி சின்னப் பை இருந்தால் ஃப்ருலானியா என்ற லிவர்வொர்ட். ஈரக்காட்டின் நிழலில் நிற்கும் புதர்களின் இலைகள் மேலேயே லிவர்வொர்ட்டுகள் வளரும், இவற்றில் பெரும்பாலானவை லெஜூனியேசி குடும்பம், வெப்பமண்டலக் காட்டின் மிகப்பெரிய லிவர்வொர்ட் கூட்டம் இதுதான். காற்றில் எப்போதும் ஈரம் இருந்தால்தான் இவை பிழைக்கும், மரங்களை வெட்டி வெயில் விழுந்தால் முதலில் போவது இவைதான்.

படி 4: எடுப்பதா, படமா?

கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் ஒரு கிள்ளு கூட எடுக்காதீர்கள், படம் போதும், ஸ்கேலை வைத்து எடுங்கள். உங்கள் சொந்தத் தோட்டத்தில் எடுத்தால் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிடித்துவிடும். உறை மேல் இடம், தேதி, எந்த மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், நிழலா வெயிலா எல்லாம் எழுதுங்கள். எழுதாத உறை குப்பைக்குத்தான்.

படி 5: மைக்ரோஸ்கோப்

இனம் வரை பெயர் சொல்ல லென்ஸ் போதாது. கல்லூரியில் படிக்கிறவர்கள் லேபில் கேட்டுப் பார்க்கலாம். பல மாஸ் இலைகள் ஒரே செல் தடிமன் என்பதால் வெட்டவே தேவையில்லை, ஓர் இலையைக் கிள்ளித் தண்ணீர்த் துளியில் வைத்தால் போதும். மாஸ் உறையை அடுத்த மாதம் திறந்தாலும் பரவாயில்லை, லிவர்வொர்ட்டை மட்டும் அன்றே பாருங்கள். அதன் செல்களுக்குள் மினுங்கும் எண்ணெய்த் துளிகள் அடையாளத்துக்கு ரொம்ப முக்கியம், காய்ந்தால் பெரும்பாலும் அழிந்துவிடும்.